பண்டிகைக்குள்ள முடிக்கணும்!

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் ஏலம் தொடங்கிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சபைகளில் பழகியவர்களுக்கு அந்த முற்றம் கண்ணை மூடினாலும் தெரியும். காலில் கயிறு கட்டிய சேவல், மிரண்டு கத்தும் ஆட்டுக்குட்டி, வாழைத்தார், பூசணிக்காய், ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. ‘ஒருதரம்… ரெண்டுதரம்…’ என்று மைக்கில் குரல் இழுக்க, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பண்டிகைக்கென்றே ஊர் வந்த ஆண்கள், சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சேவலை ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். யாருக்கும் வருத்தமில்லை. பணம் கோயிலுக்குப் போகிறது.

கோழியும் காய்கறியும் தீர்ந்த பிறகு ஓர் அட்டைப்பெட்டி மேசைக்கு வரும். உள்ளே கொக்கி ஊசியில் பின்னிய மேசை விரிப்பு, பூ எம்ப்ராய்டரி போட்ட தலையணை உறை ஒரு ஜோடி, இரண்டு நிற ஒயர் கூடை, வசனம் தைத்துச் சட்டம் போட்ட துணிப்படம். ‘இது யார் செஞ்சது?’ என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: ‘பெண்கள் ஐக்கியம்.’ சேவல் கொடுத்தவர் பெயர் மைக்கில் வந்திருக்கும், ஆட்டுக்குட்டி கொடுத்தவர் பெயரும் வந்திருக்கும். மேசை விரிப்பைப் பின்னிய பெண் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவளாகவோ, ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவளாகவோ இருப்பாள். பல வாரங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அவள் பின்னியது அது.

அந்தப் பெண்ணின் கைக்கு ஊசியும் நூலும் வந்து சேர்ந்த கதை இரண்டு நூற்றாண்டு பழையது. அதைச் சொல்லுமுன் அவளுடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

தொடக்கம் பெரும்பாலும் ஒரு மே மாதம். கோடை விடுமுறையில் சபைகள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியை ஊரில் யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை, ‘வி.பி.எஸ்.’தான். காலையில் பாட்டு, கதை, மனப்பாட வசனம். பிறகு கைவேலை நேரம். ஐஸ் குச்சியில் வீடு, வண்ணத்தாளில் பூ, தீக்குச்சியில் சிலுவை. கடைசி நாளன்று பெற்றோரை அழைத்துப் பிள்ளைகள் செய்ததையெல்லாம் பார்வைக்கு வைப்பார்கள். செய்த பொருளுக்கு ஒரு நாள் இருக்கிறது, அதற்குள் முடித்தாக வேண்டும், நாலு பேர் வந்து பார்ப்பார்கள் என்ற பழக்கம் எட்டு வயதிலேயே கைக்குள் ஏறிவிடுகிறது. திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு உறுப்பினராகி வளர்ந்த பிறகு அதே வகுப்பில் அவளே ஆசிரியை. மைதா பசை காய்ச்சுவதும், முனை மழுங்கிய கத்தரிக்கோல்களை எண்ணி வாங்கி வைப்பதும் இப்போது அவள் பொறுப்பு.

டிசம்பர் வந்தால் ஓய்வே கிடையாது. மூங்கில் பிளாச்சில் நட்சத்திரச் சட்டம் கட்டிக் கண்ணாடித் தாள் ஒட்ட வேண்டும். நாடகத்துக்குத் தேவதூதர் சிறகு வேண்டும், மேய்ப்பர்களுக்குச் சால்வை வேண்டும், ஞானிகள் மூவருக்கும் ஜரிகை அட்டையில் கிரீடம் வேண்டும். குடிலுக்கு வைக்கோல், மணல், பாறை போலத் தெரியச் சாயம் பூசிக் கசக்கிய காகிதம். பஜனைக்கு அதிகாலையில் எழுந்து போய்விட்டு வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து ஒட்டுவாள். ‘ஏட்டி, நட்சத்திரம் கட்டியாச்சா? ஞாயித்துக்கிழம ஐயர் வந்து பாப்பாரு’ என்று பெரியம்மா ஒருத்தி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவாள். போதகரை ஐயர் என்று அழைப்பது நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம்.

கிறிஸ்துமஸ் முடிந்தால் வருட முடிவு ஆராதனை. டிசம்பர் 31 நள்ளிரவைத் தாண்டியதும் சபையார் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஓர் ஆண்டுக்குத் தங்களுக்கென்று வந்த வசனமாக அதை வைத்துக்கொள்வார்கள். அச்சடித்த அட்டை கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. இருந்தும் பல சபைகளில் வாலிபப் பெண்கள் கையால் எழுதி, ஓரம் வெட்டி, சாட்டின் நாடா கோத்துத்தான் கொடுக்கிறார்கள். முந்நூறு வீடுள்ள சபை என்றால் முந்நூறு அட்டைக்கு மேல் எழுத வேண்டும். வீட்டுப் பைபிளைத் திறந்து பாருங்கள், பத்து வருடத்துக்கு முந்தைய நாடா வைத்த அட்டை இன்னும் உள்ளே இருக்கும்.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்கியது?

1819இன் இறுதியில் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அன்று அது திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்பகுதி. அங்கே ஏற்கெனவே இருந்த மிஷனரி மீட் தம்பதியோடு சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார் மார்த்தா. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது என்பதே அந்த வட்டாரத்துக்குப் புதிது. எழுத்தோடும் வாசிப்போடும் அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்று லேஸ் பின்னல். 1820களில் அந்தப் பள்ளித் திண்ணையில் தொடங்கிய வேலை, பள்ளியின் செலவைத் தாங்கும் தொழிலாக வளர்ந்தது. பிள்ளைகள் பின்னிய லேஸை ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கின. பின்னியவர்கள் கையிலும் காசு புழங்கியது.

அந்தக் காசின் மதிப்பு என்ன என்பதை அன்றைய திருவிதாங்கூரை வைத்துத்தான் அளக்க வேண்டும். அடிமை முறை அங்கே சட்டப்படி முழுமையாக ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன் அந்தப் பள்ளிக்கு வந்த பெண்களில் அடிமைக் குடும்பத்தவர்களும் உண்டு. லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிந்திருக்கின்றன. ஒரு சட்டைக்கழுத்தின் ஓரத்தில் தைக்கும் மெல்லிய நூல் வேலை ஒரு மனுஷியின் விலைச்சீட்டைக் கிழித்தது. தமிழகப் பெண் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டிய செய்தி இது. இன்னும் பலர் அறியாமலே இருக்கிறார்கள் என்பது வேதனைதான்.

மார்த்தா கற்றுக்கொடுத்த அந்தத் தலையணை லேஸ் எப்படிப் பின்னப்படுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கடினம் பிடிபடும். முதலில் கல் மாதிரி இறுக அடைத்த ஒரு தலையணை. அதன்மேல் பூவும் இலையும் வளைவுமாகப் புள்ளி குத்திய தடித்த காகிதம். நூல் சுற்றிய மெல்லிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாக அந்தக் காகிதத்தின்மேல் தொங்கும். எளிய ஓரத்துக்கு ஒரு டஜன் போதும், அகலமான வேலைக்கு நூறைத் தாண்டும். ஒவ்வொரு கையிலும் ஒரு ஜோடி. இடது ஜோடியின் உள்குச்சியை வலது ஜோடியின் உள்குச்சிக்கு மேலாகப் போட்டால் ஒரு குறுக்கு. ஜோடிக்குள் வலதை இடதுக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் ஒரு முறுக்கு. மொத்த வித்தையும் இந்த இரண்டு அசைவுகள்தான். குறுக்கு, முறுக்கு, பிறகு காகிதத்தின் புள்ளியில் ஒரு குண்டூசி. நூல் அந்த ஊசியைச் சுற்றித் திரும்பும்போது அங்கே ஒரு துளை பிறக்கிறது. அந்தத் துளைகளும் அவற்றைச் சூழ்ந்த நூலும்தான் லேஸ்.

கேட்க எளிது. எந்த ஜோடி எந்த இடத்தில் எந்த ஜோடியைச் சந்திக்க வேண்டும் என்பது பின்னுகிறவள் தலைக்குள் இருக்க வேண்டும். ஒரு குச்சி தப்பான பக்கம் போய்விட்டால் சில வரிகளுக்குப் பிறகுதான் கண்ணில் படும், அதுவரை வந்ததைப் பிரித்தாக வேண்டும். வியர்வைக் கை வெள்ளை நூலில் பட்டால் கறுத்துவிடும் என்பதால் அடிக்கடி கை கழுவித் துடைத்துக்கொள்வார்கள். நுணுக்கமான பூ வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்தும் சில அங்குலம்தான் நகரும். கொக்கி ஊசிப் பின்னலையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. கொக்கி ஊசி வேலையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில்கூடப் பின்னலாம். தலையணை லேஸ் ஆளை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும்.

ஊசிக்குத் திருவிதாங்கூர் மண்ணில் இன்னொரு வேலையும் இருந்தது. நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மேலாடை அணியக் கூடாது என்று இருந்த நாடு அது. கிறிஸ்தவப் பெண்களுக்கென்று தளர்வான குப்பாயம் என்னும் மேற்சட்டையைத் தைத்துக் கொடுத்தார்கள், வகுப்புகளில் தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள் மிஷனரி வீட்டுப் பெண்கள். அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்த பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, அடி விழுந்தது, பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. தோள்சீலைக் கலகம் என்று வரலாறு சொல்லும் அந்தப் போராட்டம் பல கட்டமாக நீண்டு, 1859 ஜூலை 26ஆம் தேதி அரச பிரகடனத்தில் வந்து நின்றது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. தையல் வகுப்பு என்றால் பெண்பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்று நினைக்கிற நம் காலத்துக்கு, குப்பாயம் தைத்த அந்த வகுப்புகளை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்கள் தங்களுக்கு மறுக்கப்பட்ட உடையைத் தாங்களே தைக்கக் கற்றார்கள்.

மார்த்தாவின் மகள் எலிசா பிறந்ததே நாகர்கோவிலில்தான். சிறுவயதிலிருந்தே காதில் விழுந்த பேச்சுத்தமிழ் அவருக்குச் சரளம். 1844இல் அவர் மணந்துகொண்டவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல். கணவர் பணி செய்த இடையன்குடி, திசையன்விளைக்குப் பக்கத்தில் செம்மணல் தேரியும் பனையுமாகக் கிடந்த சிற்றூர். எலிசா அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார், தாயிடம் கற்ற லேஸையும் கொண்டுபோனார். பனையேறிகளின் மகள்கள் பள்ளிக்கு வந்து எழுத்தும் கற்றார்கள், பின்னலும் கற்றார்கள்.

இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்தைக் கட்ட 33 வருடம் ஆயிற்று. 1847இல் தொடங்கி 1880 ஜூலையில் பிரதிஷ்டை. கால்டுவெல்லும் எலிசாவும் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவருக்குச் சென்னைக் கடற்கரையில் 1968இலிருந்து சிலை இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லமாகியிருக்கிறது. அது அவருக்கு உரிய மரியாதை. எலிசாவுக்கும் மார்த்தாவுக்கும் நினைவு வேறு விதத்தில் நீள்கிறது: அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று கைமாறி வந்த பின்னலில்.

கத்தோலிக்கர் பக்கம் இதற்கு இணையான கதை முளகுமூட்டில் இருக்கிறது. பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்தர் என்ற கன்னியர் 1897 நவம்பர் 7ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்தார். அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் இல்லத்தில் தொடங்கிய அவர் பணி பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு துறவற சபையானது. லேஸுக்குப் பேர்போன நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் முளகுமூடு மடத்திலும் லேஸும் எம்ப்ராய்டரியும் தொழிலாகவே வேரூன்றின.

மடத்துத் தையலறையில் பழகிய பெண்களுக்குத் திருவழிபாட்டுக் காலண்டர் நிறத்தில்தான் மனதில் நிற்கும். திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை. பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு. மற்ற ஞாயிறுகளுக்குப் பச்சை. பீடவிரிப்பும் குருவின் மேலாடையும் அந்தந்த நிறத்துக்கு மாற வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் தைப்பது எல்லாவற்றிலும் கடினம், கண்ணுக்கு எதுவும் பிடிபடாது, விரல்நுனி தடவிப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அந்த விடுமுறையில் ஊர் வேடிக்கை பார்க்கும் தேருக்கும் பீடத்துக்கும் துணி தைக்கும் கைகள் அக்டோபரிலேயே வேலையில் இறங்கிவிடும்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் குடும்பங்களில் ஆகஸ்ட் மாதம் இதே கதை. செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்திக் கிளம்பும் கூட்டத்தோடு மாதா சொரூபம் வைத்த சிறு சப்பரமும் உருண்டு போகும். அதற்கு ஜரிகை ஓரம் வைத்துத் திரை தைத்தவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள், அண்ணன்மார் நடப்பார்கள்.

லேஸ் வெளியிலிருந்து வந்தது. ஓலை இந்த மண்ணுக்கே உரியது. அதைப் பார்க்க மணப்பாட்டுக்குப் போக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், மணல்மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் ஊர் மணப்பாடு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை இங்கே காட்டப்படுகிறது. செப்டம்பர் 14ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழாவுக்குக் கடற்கரை ஊர்களெல்லாம் திரண்டு வரும். ஆண்கள் கடலுக்குப் போகும் ஊரில் பெண்கள் கையில் இருந்த தொழில் ஓலை முடைவது. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தும் இங்கே பெண்கள் பெட்டி, தட்டு, கூடை, தொப்பி என்று முடைந்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பனையின் குருத்தை வெட்டி வந்து வெயிலில் காயவைத்தால் பச்சை போய் வெளிறிய தந்த நிறம் வரும். நடுவிலிருக்கும் ஈர்க்கைக் கிழித்து எடுத்துத் தனியே கட்டிவைப்பார்கள், பெட்டியின் வாய்ப்பக்கத்துக்கு அது வேண்டும். பிறகு ஓலையை ஒரே அகலமாக வார வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பெட்டியின் மூலை சாய்ந்துவிடும். கொஞ்சம் ஓலையைச் சாயத்தண்ணீரில் கொதிக்கவைத்துச் சிவப்பும் பச்சையும் ஏற்றுவார்கள். முடையுமுன் ஓலை நனைந்திருக்க வேண்டும், காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் ஒடியும். அதனால் காற்று வறண்ட மத்தியானத்தைவிட ஈரக்காற்று அடிக்கும் காலையும் இரவும் முடைவதற்குத் தோது. குறுக்கோலை ஒன்றைத் தூக்கி ஒன்றை அமுக்கி உள்ளே போகும்போது ‘சர்’ரென்று ஒரு சத்தம் வரும். பழகியவளுக்கு அந்தச் சத்தத்திலேயே ஓலை இறுக்கமாக உட்கார்ந்ததா இல்லையா என்று தெரியும்.

இந்தப் பழக்கம் திருச்சபைக்கு நேராகப் பயன்படும் நாள் குருத்தோலை ஞாயிறு. முந்தின நாள் சாயங்காலமே கோயில் வளாகத்தில் குருத்துக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். சிறுபிள்ளைகளுக்கு ஓலையைச் சும்மா கையில் பிடித்து ஓசன்னா பாடினால் போதும். வளர்ந்த பெண்களுக்கோ அது திறமை காட்டும் நாள். ஒற்றை ஓலையை நீளவாட்டில் பிடித்து, நடுவில் ஒரு சதுர முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் கையை மடித்துச் செருகினால் சிலுவை. அதிலேயே மீன் செய்யலாம், கிளி செய்யலாம், சடை மாதிரி நீளப் பின்னி நுனியில் மணி தொங்கவிடலாம். பவனி முடிந்ததும் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் மறுவருடம் அந்தப் பழைய ஓலைகளைத் திரும்ப வாங்கி எரித்து, சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலாக்குகிறார்கள்.

கைவேலை ஓய்ந்து கரண்டி வேலை தொடங்கும் நாளும் உண்டு. அசனம். சபையார், மாற்று மதத்தார், வழிப்போக்கர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும் நெல்லைச் சீமையின் பெருவிருந்து. முந்தின இரவு முழுக்க வெங்காயம் உரிக்கும் கூட்டத்தில்தான் பெண்கள் தையல் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்வார்கள். யார் எந்தக் கடையில் ஆங்கர் நூல் வாங்கினாள், எந்த நிறம் துவைத்தால் சாயம் போகிறது, காம்புத் தையலுக்கு எத்தனை இழை எடுக்க வேண்டும் என்று எல்லாம் அங்கேதான் தெரியவரும். தனியாக ஒரு பயிற்சி நிலையம் வைத்தாலும் இவ்வளவு பாடம் ஒரே ராத்திரியில் நடக்காது.

இனி இன்றைய நிலைமை. தலையணை லேஸ் பின்னத் தெரிந்தவர்கள் நாகர்கோவில் வட்டாரத்திலேயே அருகிவிட்டார்கள். சூரத்திலிருந்து வரும் இயந்திர லேஸ் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்போது, நாள் முழுக்கச் சில அங்குலம் பின்னுவதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? எம்ப்ராய்டரி மட்டும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அதன் பெயர் ஆரி ஒர்க். கொக்கி முனை வைத்த ஊசியால் சட்டத்தில் இறுகக் கட்டிய துணியில் சங்கிலித் தையலாக மணியும் ஜரிகையும் கோத்து வாங்கும் வேலை. தமிழ்நாடு முழுக்கக் கல்யாண ஜாக்கெட்டுக்கு இன்று ஆரி இல்லாமல் இல்லை. வி.பி.எஸ்.ஸில் வண்ணத்தாள் வெட்டி, பெண்கள் ஐக்கியத்தில் தலையணை உறை தைத்து வளர்ந்தவளுக்கு ஆரி பிடிக்க நாளாவதில்லை. துணியின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்கு முன்பே தெரியும்.

கிறிஸ்தவக் கல்யாணம் தனியாக ஒரு சந்தை. வெள்ளை அல்லது சந்தன நிறச் சேலை, தலைக்கு நெட், அதன் ஓரத்தில் முத்து, கையில் பூச்செண்டு, பூப்பெண்களாக வரும் குட்டிகளுக்குக் கவுன். எல்லாவற்றுக்கும் கை வேண்டும். ஊர்ப் பெண்ணிடம் கொடுத்தால் அளவு பார்க்க நாலு தரம் வீட்டுக்கு வருவாள், கடைசி நேரத்தில் ஒரு முத்து உதிர்ந்தாலும் கோயில் வாசலிலேயே நின்று தைத்துக் கொடுப்பாள். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டால் அடுத்த சபையிலிருந்து அழைப்பு வருகிறது. யூடியூபைப் பார்த்துப் புதுத் தையல் பழகுகிறார்கள். வீட்டை விட்டு வேலைக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களிலும் ‘ஜாக்கெட் ஆர்டர்’ வருமானத்துக்கு மறுப்பு எழுவதில்லை.

சிக்கல் எல்லாம் கோயிலுக்குச் செய்யும்போதுதான். அங்கே அதற்கு ஊழியம் என்று பெயர். கைமாறு கேட்பது தப்பு. விசுவாசத்தோடு கொடுப்பவளின் மனம் பெரியது, அதில் சந்தேகமில்லை. சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போட்டுவைத்த பாட்டிமாரின் வழியில் வந்தவள் அவள். ஆனால் பிடி அரிசியைப் போட்டவளுக்கு அது எவ்வளவு என்று தெரிந்திருந்தது. மேசை விரிப்பைக் கொடுத்தவளுக்கு அதன் மதிப்பு தெரிவதில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கணக்குப் போடுவதில்லை. பண்டிகை விற்பனைக்குப் பொருள் கொடுக்கும் பெண்ணிடம் ‘நூல் எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்பார்கள். ‘எத்தனை மணி நேரம் ஆச்சு?’ என்று கேட்டு எழுதிவைக்கும் சபையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை திருச்சபைகளிடம் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பொருளிலும் செய்தவள் பெயரையும் அவள் செலவிட்ட நேரத்தையும் எழுதிய சீட்டு ஒன்று கட்டுங்கள். காணிக்கையாகக் கொடுக்க விரும்புகிறவள் கொடுக்கட்டும். எதைக் கொடுக்கிறாள் என்பது அவளுக்கும் வாங்குகிறவருக்கும் தெரியட்டும். மார்த்தா மால்ட்டின் பள்ளியில் லேஸுக்குக் கூலி இருந்தது, கூலி இருந்ததால்தான் விடுதலை வாங்க முடிந்தது.

சில பெண்கள் இதைத் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள். கோயிலுக்கு ஒரு விரிப்பு இலவசமாக, அதே மாதிரியில் வெளியே கேட்பவர்களுக்கு விலை சொல்லி. பண்டிகை விற்பனையில் தன் வேலையைப் பார்த்துவிட்டு ‘மக்ளே, எனக்கும் இதுபோல ஒண்ணு வேணுமே’ என்று கேட்கும் அக்காமாரிடம் கூச்சப்படாமல் தொகை சொல்லப் பழகிவிட்டார்கள். முதல் தரம் சொல்லும்போது குரல் தடுமாறும். அடுத்த பண்டிகைக்குள் பழகிவிடும்.

அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது லெந்து என்னும் தவக்கால நாட்களில். அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பண்டிகை இல்லை, ஆர்டர் குறையும். பழைய பாக்கியை வசூலிப்பதும், நாகர்கோவிலுக்கோ பாளையங்கோட்டைக்கோ போய் நூலும் மணியும் மொத்தமாக வாங்கி வருவதும், போன டிசம்பரில் பார்த்து வைத்த புதுத் தையலைப் பழகுவதும் அப்போதுதான். ஈஸ்டர் முடிந்த வாரமே கல்யாணங்கள் வரிசை கட்டும். ஏப்ரல், மே மாதத்து ஜாக்கெட்டுகளுக்கு அப்போதே பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கி, நோட்டில் பெயரும் அளவும் தேதியும் எழுதிக்கொள்கிறார்கள். முன்பணம் கொடுக்காதவர்கள் பெயரை எழுதுவதில்லை.